கானலங்கோவுக்கு மூன்று பிறப்பு

கணினி விளையாட்டுக்குக் கதை எழுதுவது என் வேலை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஜவுளிக்கடைகளுக்கு மேல்மாடியில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஓவியர்களும் நிரல் எழுதுபவர்களும் சோதனை பார்ப்பவர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவே எக்செல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டுக்கு அரச பரம்பரை எழுதிக்கொண்டிருப்பவன் நான். அந்த நாட்டுக்கு உவர்நாடு என்று பெயர். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த ஓவியர் ஒருவர் அதன் நிலத்தை வரைந்தார். அதை நிறுவியவனாக நாங்கள் வைத்திருக்கும் அரசன் கானலங்கோ. அவனுடைய வரலாற்றை எழுதத் தொடங்கியதும், ஒன்றுக்கொன்று முரணான கதைகள் அவனைப் பற்றி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. அவற்றுள் உண்மையில் நடந்தது எது என்பதை எழுதுகிறவனாவது தெரிந்து வைத்திருக்க வேண்டுமா என்பதில்தான் எழுந்தது.

தெரிந்தே ஆக வேண்டும் என்றார் எங்கள் குழுத் தலைவர். அவருடைய நியாயம் தொழில் சார்ந்தது. விளையாடுபவர் ஒரு கோட்டைக்குள் நுழைகிறார் என்றால் அந்தக் கோட்டை யாரால், எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று தெரியாமல் கதவைக்கூட வரைய முடியாது என்பார். ஓவியர்களோ எதிர்க்கட்சி. அவர்களில் பாதிப் பேர் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசை விளையாட்டுகளில் ஊறியவர்கள். அங்கே பேரரசை நிறுவிய டைபர் செப்டிம் எப்படி இருக்கிறானோ அப்படியே கானலங்கோவும் இருக்கட்டும் என்பது அவர்கள் கட்சி.

அந்த உதாரணம் உண்மையிலேயே நல்ல உதாரணம். டைபர் செப்டிமின் அதிகாரப்பூர்வ வரலாற்றில் அவன் வடதிசைக் கண்டமான அட்மோராவில் பிறந்தவன், டாலோஸ் என்று அழைக்கப்பட்டவன், விளையாட்டு நடக்கும் டாம்ரியல் கண்டம் முழுவதையும் ஒரு குடையின்கீழ்க் கொண்டுவந்தவன். விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் இன்னொரு நூலின்படி அவனுடைய இயற்பெயர் யால்டி. பிறந்தது ஹை ராக் நாட்டு அல்கேர் தீவில். அவன் பெயரில் பாடப்படும் வெற்றிகளில் பல, அவனோடு இருந்த வேறொருவனுக்கு உரியவை. அவனுக்கு முன் ஆண்ட கூலெகெய்ன் கொலையுண்டதற்கு வெளியூர்க் கொலையாளியைக் கைகாட்டுகிறது முதல் வரலாறு. இரண்டாவது நூல் அந்தக் கொலைப்பழியை டைபர் செப்டிமின் பக்கமே திருப்புகிறது. 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில், இறந்தபின் தெய்வமாக்கப்பட்ட அவனை வணங்கக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை தடை விதிக்க, உள்நாட்டுப் போர் ஒன்றே அதைச் சுற்றி நடக்கிறது. பழைய வெளியீடு ஒன்றில் அடர்காடு என்று சொல்லப்பட்ட அவனுடைய தலைநாடு, 2006இல் வந்த ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் மிதமான பசும்புல்வெளியாகக் காட்சியளித்தது; காட்டை நாடாக்கியது அந்தத் தெய்வத்தின் அருள் என்று பிறகு ஒரு பூசாரியைச் சொல்ல வைத்தார்கள். தயாரிப்பாளர்கள் மனத்தை மாற்றிக்கொண்டதை அற்புதமாக்கிவிட்ட அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றும் மெச்சுகிறேன்.

ஆனால் அதைப் பார்த்து எங்கள் ஓவியர்கள் எழுதிக் கொடுத்த முதல் வரைவு எனக்கு ஒப்பவில்லை. கானலங்கோ மீனவன் மகன் என்கிறார்கள் சிலர். கடலிலிருந்து வந்தவன் என்கிறார்கள் சிலர். அவன் பெண் என்கிறார்கள் சிலர். அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்கிறார்கள் சிலர். எல்லாம் ‘சிலர்’. அந்தச் சிலர் யார், எந்த ஊர்க்காரர்கள், அப்படிச் சொல்வதால் அவர்களுக்கு ஆவதென்ன என்று கேட்டால் பதில் இல்லை. மர்மம் இருக்கட்டும் என்பதற்காகத் தூவப்பட்ட முரண்பாடு அது. கறிவேப்பிலையைப் போல விளையாடுபவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு இதில் வழிகாட்டியது நாங்கள் குடியிருக்கும் மண்ணின் கதைதான். திருவொற்றியூர் உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகள், பழைய தொண்டை மண்டலத்தின் ஆட்சிப் பிரிவுகளில் ஒன்றான புழற்கோட்டத்துக்குள் அடங்கும். திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் அந்தக் கோட்டத்தின் பெயர் வருகிறது. இன்று புழல் என்றால் ஏரியும் சிறைச்சாலையும் நினைவுக்கு வரும். ஆனால் தொண்டை மண்டலம் உண்டான கதையில் புழல் ஒரு கோட்டை. அங்கே இருந்த குறும்பர்களை வென்று நாட்டை நிறுவியவன் தொண்டைமான் என்பது வழக்கு. அந்தத் தொண்டைமான் யார் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு அவன் காஞ்சியில் வீற்றிருக்கும் இளந்திரையன், கடல் அலை கொண்டுவந்து தந்த மரபில் வந்தவன். கடல் தந்தது எப்படி என்று பாட்டு விரித்துச் சொல்வதில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து உரை எழுத வந்த நச்சினார்க்கினியர் அதை விரிக்கிறார்: சோழன் ஒருவன் பிலத்தின் வழியாக நாகலோகம் போய் நாககன்னியைக் கூடுகிறான்; பிறக்கும் பிள்ளையைத் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்டால், கரையேறி வரும்போது நாடாளும் உரிமை தருவேன் என்கிறான்; அலை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மணிமேகலையிலும் ஒரு சோழன் இருக்கிறான், பீலிவளை என்ற நாகநாட்டு இளவரசி இருக்கிறாள், கடலில் வரும் பிள்ளையும் இருக்கிறது. ஆனால் அங்கே கம்பளச் செட்டியிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை கப்பல் உடைந்து காணாமல் போகிறது. துயரத்தில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. ஒரே கதைக்கரு ஓரிடத்தில் ஒரு நாட்டைப் பிறப்பிக்கிறது, மற்றோரிடத்தில் ஒரு நகரத்தை அழிக்கிறது.

மூன்றாவது வடிவம் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் உள்ளது. 1821இல் இறந்த அவர் ஊர்க்கணக்கர்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டுத் தொகுப்பித்தவற்றில், குறும்பரை வென்றவன் குலோத்துங்க சோழனின் மகனான ஆதொண்டை. பட்டத்து அரசியின் பிள்ளை அல்லன். முதல் படையெடுப்பில் தோற்றுப் பிறகு இறையருளால் வென்றவன். குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070இல் என்பது நமக்குத் தெரியும். அவனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சுந்தரரோ, வட திருமுல்லைவாயில் பதிகத்தில் தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடியால் கட்டிய இறைவனே என்று பாடிவிட்டார். மகன் பிறப்பதற்கு முன்பே அவனுடைய யானைக்குப் பாட்டு இருக்கிறது என்றால், சுவடி சொல்லும் உறவு பிற்காலத்து ஒட்டு என்று துணிந்து சொல்லலாம். ஆனாலும் அந்த ஒட்டுக்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. பெரிய பெயருள்ள சோழன் ஒருவனின் மகன் கையால் தங்கள் நிலவுரிமை தொடங்கியது என்று சொல்லிக்கொள்வது குடியேறிய குடிகளுக்கு நல்லது. இதில் விந்தை என்னவென்றால், நாட்டை இருபத்து நான்கு கோட்டங்களாகப் பிரித்தது குறும்பர்களே என்பதையும் அதே சுவடிகள்தாம் சொல்கின்றன. வென்றவனுக்காக எழுதப்பட்ட கதைக்குள் தோற்றவன் செய்த வேலை எப்படியோ தங்கிவிட்டது.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு ஓவியர்களை நானே அழைத்துப் போனேன். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களை வென்று புழல் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்து நட்டவை என்பது தலபுராணம். எருக்கு, தண்டவாள ஓரத்திலும் சுடுகாட்டு மதிலோரத்திலும் ஆளுயரத்துக்கு வளரும் செடி. அது தூணாகும் அளவுக்குப் பருத்ததென்பதே நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. நந்தி வழக்கத்துக்கு மாறாக இறைவனைப் பார்க்காமல் கிழக்கே திரும்பி உட்கார்ந்திருக்கிறது; தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் என்கிறார்கள். எங்களுடன் வந்த ஓவியர் வெகுநேரம் நந்தியின் பின்பக்கமே நின்று வரைந்துகொண்டிருந்தார். திரும்பும் வழியில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நெரிசலில், “ண்ணா, ராஜா யாருன்றதுல தகராறு இருக்கு. தூணுல தகராறு இல்லையே” என்றார். குழுத் தலைவருக்கும் ஓவியர்களுக்கும் நடுவே நான் தேடிக்கொண்டிருந்த பாதையை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிட்டது.

அதன்படி கோப்பில் மாற்றம் செய்தேன். பொருள்களைப் பற்றிய விவரங்களை நாங்கள் முடிவாக எழுதிவிடுவது: கோட்டை எங்கே இருந்தது, கதவு எந்த மரம், எரிந்தது எந்தப் பக்கம், உப்பளத்துக்குள் கடல் புகுந்தது எந்த ஆண்டு. மனிதனைப் பற்றிய விவரங்களை, அதாவது அவன் யாருக்குப் பிறந்தான், ஏன் படையெடுத்தான், யாரை ஏமாற்றினான் என்பவற்றை, முடிவு செய்யாமல் விடுவது. ஆனால் அவற்றைச் சொல்லும் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும்: சொல்பவர் யார், எப்போது சொல்கிறார், அது பொய்யானால் அவர் எதை இழப்பார். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் கதை விளையாட்டுக்குள் போகாது. குழுத் தலைவர் இதற்குச் சம்மதித்தார்; கதவை வரைந்துவிடலாம் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று கூற்றுகள் தேறின. முதலாவது அரண்மனையின் கல்வெட்டு. இதற்கு, அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் சோழர் மெய்க்கீர்த்திகளின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். 985இல் பட்டத்துக்கு வந்த முதலாம் இராசராசனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் காந்தளூர்ச்சாலை வெற்றி மட்டுமே பேசப்படும். ஆண்டுகள் ஏற ஏற வேங்கை நாடு, கங்கபாடி, ஈழம் என்று வெற்றிகள் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீண்டுகொண்டே போகும். ஆகவே ஆட்சியாண்டு சிதைந்துபோன கல்லைக்கூட, அதில் எந்த வெற்றி இன்னும் வரவில்லை என்பதைப் பார்த்து ஏறத்தாழக் காலம் கணிக்கலாம். உவர்நாட்டிலும் கானலங்கோவின் கற்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும். விளையாடுபவர் அவற்றை வரிசைப்படுத்தினால், தொடக்கக் கற்களில் ‘உப்பூர்த் தலைவனின் நண்பன்’ என்று இருப்பவன், பிந்திய கற்களில் ‘உப்பூர்த் தலைவனின் தலை கொண்டவன்’ ஆகியிருப்பான். யாரும் வாய் திறந்து சொல்லாமலே ஒரு துரோகம் வெளிப்படும். நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; இதில் கற்பனையைவிடக் கல்வெட்டு வாசிப்பவர்களின் தொழில்நுட்பமே அதிகம்.

இரண்டாவது, உப்பு வாருபவர்களின் பாட்டு. அதில் கானலங்கோ கடலில் மிதந்து வந்த பிள்ளை. பாத்தி கட்டும் பெண் ஒருத்தி எடுத்து வளர்க்கிறாள். அரசன் எங்கள் மடியில் வளர்ந்தவன், அதனால் எங்கள் பாத்திக்கு வரி கிடையாது என்பது பாட்டின் உட்பொருள். அந்தக் கூற்று பொய்யானால் வரி வந்துவிடும். மூன்றாவது, தோற்ற குலத்தாரின் கோயில் கதை. இதை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. தோற்றவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது. வென்றவன் கட்டிய கோயிலுக்குள், அவனுடைய தெய்வத்துக்குக் காவல் நிற்கும் சிறுதெய்வமாகத்தான் அவர்களுடைய தலைவன் மிஞ்சியிருப்பான். அதனால் அவர்கள் கானலங்கோவைத் திட்டுவதில்லை. அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான், பங்காளிச் சண்டையில் வென்றவன், ஆகவே திருவிழாவில் முதல் மரியாதை எங்களுக்கு என்கிறார்கள். ஓவியர்கள் இதை நம்ப மறுத்தார்கள். தோற்றவன் கோபப்பட வேண்டாமா என்று கேட்டார்கள். கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குலம் எத்தனை தலைமுறை பிழைக்க முடியும்? மரியாதைக்கு ஒரு காரணம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். இதில் இன்றும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை.

எங்கள் ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை வைத்தவர் சோதனை பார்க்கும் தம்பி. காசிமேட்டுக்காரர், பிழை கண்டுபிடிப்பதில் அசகாயசூரர். விளையாட்டின் நடுப்பகுதியை முடித்துவிட்டு அவர் அனுப்பிய பிழைப்பட்டியலில், பாட்டில் அரசன் கடலிலிருந்து வருகிறான், கல்வெட்டில் அரண்மனையில் பிறக்கிறான், கோயில் கதையில் பங்காளி வீட்டில் பிறக்கிறான் என்பதையெல்லாம் தனித்தனிப் பிழைகளாகப் பதிந்திருந்தார். நேரில் வந்தும் கேட்டார்: “சார், மூணு இடத்துலயும் மூணு மாரி பொறக்குறாரு. வேணும்னே வெச்சுதா, இல்ல மாத்தணுமா?”

கோப்பைத் திறந்து அவரையே பார்க்கச் சொன்னேன். பட்டியலை எடுத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே சொல்பவரையும் அவருடைய இழப்பையும் தேடிப் பிடித்து, ‘வேண்டுமென்றே’ என்று குறித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஒரு கிராமத்துக் காவலாளி, கானலங்கோ இறந்தது மழைக்காலத்தில் என்கிறான். அரண்மனைக் கல் சித்திரை என்கிறது. காவலாளிக்கு மழையால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. எழுதியவர் யார் என்று கோப்பின் பழைய பிரதிகளில் தேடியும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த வரியைச் சித்திரை என்று திருத்தி, பிழையை மூடும்படி சொன்னேன்.