பட்டிப்பளை ஆத்துத் தண்ணிய தேடிப் போன நாள்

எங்கட வயல் வட்டைக்கு வாற தண்ணி எங்கயிருந்து வருது எண்டு சின்னதில அப்பாட்ட கேட்டா "இங்கினியாகலையில திறந்து விட்டிருக்காங்க" எண்டு மட்டும் சொல்லுவார். அப்பா கொஞ்சக்காலம் வட்டவிதானையா, அதாவது வயலுகளுக்குத் தண்ணி பங்கிடுற ஆளா இருந்தவர், தண்ணி திறக்கிற அண்டைக்கு என்னையும் சைக்கிள் பார்ல வச்சி வாய்க்காலுக்கு கூட்டிப் போவார். காஞ்சி வெடிச்சிக் கிடக்கிற வாய்க்கால்ல முதல் தண்ணி வாறத பாத்திருக்கீங்களா, அது தண்ணி மாதிரியே இருக்காது, சருகு, நுரை, செத்த பூச்சி, ஒத்தச் செருப்பு எல்லாத்தையும் முன்னால தள்ளிக்கிட்டு ஒரு பாய உருட்டி விட்ட மாதிரி மெல்ல வரும், நாங்க அதுக்கு முன்னால ஓடுவம். முப்பது வயசு தாண்டியும் அந்தத் தண்ணி தேங்கி நிக்கிற இடத்த நான் கண்டதில்ல. அது இங்கினியாகலை அணைக்கட்டுதான், கிழக்குக் கரையில இருக்கிற எங்கட காரைதீவில இருந்து எவ்வளவு தூரம், காலையில போனா பின்னேரம் வந்திரலாம், இருந்தும் போனதில்ல.

போன மாசம் மச்சான்ட வேன்ல நாலு பேர் வெளிக்கிட்டம், நான், மச்சான், அவர்ட கூட்டாளி ஒராள், பிறகு எங்கட மாமா. விடிய மூணரைக்கு எழும்பி அக்கா கட்டித்தந்த புட்டையும் பொரிச்ச மீனையும் வாழையிலையில சுத்தி எடுத்துக்கிட்டு சம்மாந்துறை, மல்வத்தை, அம்பாறை எண்டு போய் இங்கினியாகலை போய்ச் சேர கிழக்கு வெளுக்குது. வழி நெடுக மாமா ஒரே கதைதான், "கல்லோயா கல்லோயா எண்டு சொல்லாதீங்கடா, அது பட்டிப்பளை ஆறு, உங்கட அப்பப்பா காலத்தில எல்லாரும் அப்பிடித்தான் சொன்ன". சரிதான், ஒலுவில் பக்கமா கடலுக்குப் போற இந்த ஆத்துக்கு எங்கட ஆக்கள் வச்ச பேர் பட்டிப்பளை ஆறுதான், இப்ப அந்தப் பேர் வயசானவங்கட வாயில மட்டும்தான் இருக்கு.

அணைக்கட்டு வேலை 1949 இல தொடங்கினது, கட்டினது மொரிசன் நட்சன் எண்ட அமெரிக்கக் கம்பனி. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கட பேரத்தான் குளத்துக்கு வச்சிருக்காங்க, சேனநாயக்க சமுத்திரம். கிட்ட நிண்டு பாத்தா சமுத்திரம் எண்டு சொன்னது பிழையில்ல எண்டு விளங்கும், மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில நிண்டு வாவியப் பாத்தா மறுகரை தெரியும்தானே, இங்க மறுகரை எண்டு தெரியிறது நீல நிற மலை மட்டும்தான். இந்தக் குளத்துக்கு தண்ணி வந்து சேர்ற காடு அழியாம இருக்கணும் எண்டுதான் 1954 இல சுத்தி இருக்கிற 25,900 ஹெக்டேயர கல்லோயா தேசிய பூங்காவா ஆக்கினாங்க. அதாவது குளத்துக்காகத்தான் பூங்கா. இது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

டிக்கெட் எடுத்து, லைஃப் ஜக்கெட் போட்டு, போட்ல ஏறினம். போட் ஓட்டின தம்பிக்கு சிங்களம் மட்டும்தான், மச்சானுக்கு நல்லா வரும் எண்டபடியா கதைக்கிறதுக்கு கஷ்டம் இருக்கல்ல. கொஞ்சத் தூரம் போக தண்ணிக்கு நடுவில பட்ட மரங்கள் நிக்குது, கொப்பு இல்ல, இலை இல்ல, வெள்ளையா எலும்பு மாதிரி. குளம் நிரம்பேக்க மூழ்கின காட்டுட மரம், 70 வருசத்துக்கு மேல தண்ணிக்குள்ள நிக்குது, ஒவ்வொண்டுட உச்சியிலயும் ஒரு நீர்க்காகம் செட்டைய விரிச்சிக் காயப்போட்டுக்கிட்டு இருக்கு. குருவித்தீவு எண்டு ஒரு கல்லுமலை இருக்கு, அதக் காண முதலே மணம் வந்திரும், கூடு, எச்சம், குஞ்சுகள்ட சத்தம், கதைக்கிறது கேக்காது.

அங்கால திரும்பேக்கதான் தம்பி இஞ்சின ஓஃப் பண்ணினார். முதல்ல எனக்கு ஒண்டும் விளங்கல்ல, தண்ணியில ஒரு கறுப்புக் கல்லு, அதுக்கு முன்னால ஒரு குழாய் மாதிரி சின்னதா ஒண்டு, அது அசையிது. யானை நீந்துது! இந்தப் பூங்காவில யானைகள் புல்லுத் தேடி தீவுக்குத் தீவு நீந்திப் போறது எண்டு கேள்விப்பட்டிருக்கன், ஆனா தும்பிக்கை நுனி மட்டும் தண்ணிக்கு மேல நிண்டு "புஸ்ஸ்" எண்டு மூச்சு விடுற சத்தம் கிட்டக் கேக்கும் எண்டு நினைக்கல்ல. தனியன். ஒரு தரம் முழுசா மறைஞ்சி போச்சி, மாமா என்ட கையப் பிடிச்சிட்டார், பிறகு பத்தடி தள்ளி தலை வந்திச்சி, காது ரெண்டும் தண்ணியில ஒட்டிப்போய். கரையில ஏறி நிக்கேக்க நனைஞ்ச பாதி கறுப்பு, முதுகுல காஞ்ச ஒரு திட்டு மட்டும் செம்மண் நிறம், அப்பிடியே நிண்டு எங்களப் பாத்திட்டு புல்லப் புடுங்கி முழங்கால்ல தட்டி மண்ண உதறிட்டு வாயில போட்டிச்சி.

நான் யானைய இவ்வளவு ஆறுதலாப் பாத்ததே இல்ல. எங்களுக்கு யானை எண்டா இருட்டு, வாடியில படுத்திருக்கேக்க நாய் குலைக்கிற சத்தம், யானைவெடி, விடியப் போய்ப் பாத்தா குடலைக் கதிர் எல்லாம் மிதிபட்டுக் கிடக்கும். அப்பாட கூட்டாளி ஒராள் காவலுக்குப் போன இடத்தில யானை அடிச்சிச் செத்தவர், அந்த வீட்டுல இண்டைக்கும் யானை எண்டு சொல்லமாட்டாங்க, "அவர்" எண்டுதான் சொல்லுவாங்க. அந்த மிருகமும் இதுவும் ஒண்டுதான் எண்டு மனசு ஒத்துக்கொள்ள நேரம் எடுத்திச்சி.

போட்டால இறங்கிச் சாப்பிட்டுட்டு பிபிலை போற ரோட்டால ரத்துகல போனம், அது மொனராகலை மாவட்டத்துக்குள்ள வரும், வேடர் கிராமம். அங்கதான் நடை. தோள்ல கோடாலி கொழுவின ஒரு ஐயா எங்களக் கூட்டிக்கிட்டுப் போனார், "ஹொந்தமாய்" எண்டு ரெண்டு கையாலயும் முழங்கையப் பிடிச்சி வரவேற்றார். குளம் கட்டினதால இந்தப் பள்ளத்தாக்கில வேட்டையாடித் திரிஞ்ச வேடர்கள்ட நிலமும் தண்ணிக்குள்ள போனது, அத அவர் கோவமாச் சொல்லல்ல, கையால குளத்துப் பக்கம் காட்டினார், அவ்வளவுதான். வாகரைப் பக்கம் தமிழ் பேசுற வேடர் இருக்காங்க, கடல்ல மீன் பிடிக்கிற ஆக்கள் எண்டு மச்சான் சிங்களத்தில சொல்ல "தெரியும், எங்கட ஆக்கள்தான்" எண்டார்.

இந்தப் பக்கம் காடு எங்கட காடு மாதிரி பாலையும் வீரையுமா அடைஞ்சி கிடக்கல்ல, இடுப்பளவு புல்லு, இடைக்கிடை மரம். எல்லாம் மருந்து மரம், கடுக்காய், தான்றி, நெல்லி, திரிபலா முழுசா ஒரே வெளியில நிக்குது. சிங்களத்தில அரளு, புளு, நெல்லி. கோடையில இந்தப் புல்லு நெருப்புப் பிடிச்சி எரியும், மத்த மரம் எல்லாம் செத்துப் போக இதுகள் மட்டும் தடிச்ச பட்டையால தப்பிரும் எண்டு சொல்லி ஐயா ஒரு மரத்தில கரிஞ்ச பட்டைய கோடாலி முனையால கொஞ்சம் சுரண்டிக் காட்டினார், மேல கரி, விரல் தடிப்புக்கு காஞ்ச பட்டை, அதுக்குக் கீழ ஈரமா உயிரோட இருக்கு. நான் விரல் வச்சிப் பாத்தன், குளிர்ந்திச்சி. (புல்லுக்குள்ள நடக்கிற ஆக்கள் நீளக் காற்சட்டை போட்டு மேசுக்குள்ள (சொக்ஸ்) விடுங்க, எனக்கு உண்ணி கடிச்ச இடம் ஒரு கிழமை ஊறல் எடுத்திச்சி.)

ஒண்ட எழுதாம விட ஏலா. இந்தக் குளம் கட்டின கல்லோயாத் திட்டத்தால காடு வெட்டி குடியேத்தினதில பெரும்பங்கு சிங்களக் குடும்பங்கள்தான், 1956 ஜூன் மாசம் இந்தப் பள்ளத்தாக்கில தமிழ் ஆக்கள அடிச்சிக் கொன்ற கலவரமும் நடந்தது, 1961 இல மட்டக்களப்பில இருந்து பிரிச்சி அம்பாறை எண்டு தனி மாவட்டம் ஆக்கினாங்க. திரும்பி வரேக்க மாமா இதெல்லாம் சத்தம் குறைச்சிச் சொல்லிக்கிட்டே வந்தார். அதே தண்ணிதான் எங்கட வயலையும் விளைய வச்சது, அதையும் அவர்தான் சொன்னார். ரெண்டையும் ஒரே மூச்சில சொல்ல அவருக்கு ஏலும், எனக்கு இன்னும் பழகல்ல.

வீட்ட வர ஏழு மணி. அப்பா முழங்கால் வருத்தத்தால வரல்ல, வாசல்ல கதிரையில இருந்தார். போன எடுத்து யானை வீடியோவப் போட்டன், பாத்தார், ஒண்டும் சொல்லல்ல. பிறகு அணைக்கட்டுக்கிட்ட எடுத்த படத்த வாங்கி விரலால பெருசாக்கி, கல்லுல தண்ணி நிண்ட அடையாளம் தெரியுதுதானே, மண்ணிறக் கோடு, அத ரொம்ப நேரம் பாத்தார்.

"விதைப்பு ஆரம்பக்கூட்டத்தில தண்ணி காணும் எண்டுதானே சொன்னவங்க" எண்டார்.

"ஓம் அப்பா."

"கோட்டுல இருந்து எவ்வளவு இறங்கி இருக்கி, உன்ட உயரம் வருமா?"

சரியாச் சொல்லத் தெரியல்ல எனக்கு. யானையப் பாத்துக்கிட்டு இருந்திட்டன்.