ஃப்ரீசெல்: பழி போட இடமில்லாத ஆட்டம்

மார்ச் 2

தனியாக ஆடும் சீட்டாட்டங்களில் ஒரு வசதி உண்டு. தோற்றால், கட்டு சரியாக விழவில்லை என்று பழியைச் சீட்டின் மேல் போட்டுவிடலாம். ஃப்ரீசெல் அந்த வசதியைப் பறித்துக்கொள்கிறது. 52 சீட்டும் முதலிலேயே முகம் காட்டிக் கிடக்கின்றன. எட்டு அடுக்குகள், நான்கில் ஏழேழு சீட்டு, நான்கில் ஆறாறு. அடுக்குக்குள் சிவப்பும் கருப்பும் மாறி மாறி இறங்குவரிசையில் வைக்க வேண்டும். ஒவ்வோர் இனத்தையும் (இஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர்) ஏஸிலிருந்து ராஜா வரை மேலே ஏற்றினால் வெற்றி. இடையில் ஒரு சீட்டை ஒதுக்கிவைக்க நான்கு காலிக் கட்டங்கள். அவ்வளவே விதி.

மார்ச் 4

இஸ்பேட் ஏஸ் ஓர் அடுக்கின் அடியில். அதன் மேல் ஐந்து சீட்டு. முதலில் ஹார்ட் ஒன்பது. அது கருப்புப் பத்தின் மேல் போயிற்று. கிளாவர் நான்கு டைமண்ட் ஐந்தின் மேல். அடுத்து டைமண்ட் ராஜா. ராஜாவைத் தாங்கும் சீட்டு எதுவும் இல்லை. கட்டத்தில்தான் உட்கார வேண்டும். பிறகு கிளாவர் எட்டு, சற்றுமுன் நகர்த்திய ஹார்ட் ஒன்பதின் மேலேயே பொருந்தியது. இஸ்பேட் ராணி இன்னொரு கட்டத்துக்கு. ஏஸ் மேலே ஏறியது, அடுக்கு காலி. அங்கே ராஜாவை இறக்கி, அவர் மேல் ராணியை வைத்ததும் நான்கு கட்டங்களும் மறுபடி என் கையில்! ஐந்து சீட்டைக் கிளறியதற்குக் கடன் ஏதும் மிஞ்சவில்லை.

மார்ச் 5

நேற்றைய நகர்வைப் பற்றி ஒரு சந்தேகம். காலி அடுக்கை அப்படியே விட்டிருந்தால்?

கணக்கு இதுதான்: காலிக் கட்டங்களோடு ஒன்றைக் கூட்டினால், ஒரே நேரத்தில் எத்தனை சீட்டைக் கோவையாக, அதாவது வரிசை குலையாமல், நகர்த்தலாம் என்று தெரியும். ஒரு காலி அடுக்கு இருந்தால் அது இரட்டிப்பாகும். இரண்டு இருந்தால் நான்கு மடங்கு. ராஜாவை இறக்காமல் இருந்தால் காலிக் கட்டம் இரண்டு, காலி அடுக்கு ஒன்று: ஆறு சீட்டு. இறக்கிய பின் கட்டம் நான்கு, அடுக்கு இல்லை: ஐந்து. ஒரு சீட்டுதான் வித்தியாசம். ராஜாவில் தொடங்கும் கோவை நெடுநேரம் உழைக்கும் என்பதால் நான் செய்தது சரியே என்று இன்னும் வாதிடுவேன். ராஜாவுக்குப் பதில் ஏழாம் எண் சீட்டு ஒன்றைக் கொண்டுபோய் வைத்திருந்தால் வாதிட வாய் வராது.

(கோவையையே காலி அடுக்குக்கு மாற்றும்போது அந்த அடுக்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.)

மார்ச் 8

மேலே ஏற்ற முடிந்தால் உடனே ஏற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. சிவப்பு ஐந்தை அவசரமாக ஏற்றிவிட்டால், கருப்பு நான்கு உட்கார ஓர் இடம் குறைந்துவிடும். கருப்பு நான்குகள் இரண்டும் ஏறியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

மார்ச் 9

ஆடவில்லை.

மார்ச் 13

பால் ஆல்ஃபில் 1978-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் ஃப்ரீசெல்லை நிரலாக எழுதினார். பின்னாளில் விண்டோஸில் வந்தபோது 32,000 எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. ஆர்வலர்கள் 1994-இல் அவற்றைப் பங்கு பிரித்து ஆடத் தொடங்கினர். கடைசியில் எவராலும் முடிக்க முடியாமல் எஞ்சியது ஒன்றே: 11982. கணினியும் அதற்குத் தீர்வில்லை என்றே காட்டியது. ஆக, அந்த 32,000-இல் சீட்டின் மேல் நியாயமாகப் பழி போடத் தகுந்த ஆட்டம் அது ஒன்றுதான்!

மார்ச் 16

இதற்கு முன்னோடியான பேக்கர்ஸ் கேமைத் தொட்டுப் பார்த்தேன். கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1968-இல் எழுதி அறிமுகப்படுத்தியது. கட்டங்கள் அதேதான், ஆனால் அடுக்கிலும் ஒரே இனமாக இறங்க வேண்டும். ஃப்ரீசெல்லில் ஹார்ட் ஒன்பதுக்கு இரண்டு கருப்புப் பத்துகள் காத்திருக்கும். இங்கே ஹார்ட் பத்து ஒன்றுதான். இன்று அது ஆறு சீட்டுக்கு அடியில் கிடந்தது. தோண்டியெடுப்பதற்குள் நான்கு கட்டங்களும் நிறைந்துவிட்டன. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன்.