மலைமேல் நின்ற 1000 பேர்

கிரேக்க நாட்டின் குறுகிய கணவாயான தெர்மோபிலே என்றாலே எல்லாருக்கும் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸும் அவருடைய 300 ஸ்பார்ட்டா வீரர்களும்தான் ஞாபகம் வருவார்கள். எனக்கு என்னவோ, மலைமேல் காவலுக்கு நின்ற அந்த 1000 போக்கிஸ்காரர்கள் (கிரேக்கத்தின் போக்கிஸ் பகுதிக்காரர்கள்) மேல்தான் கண்.

கி.மு. 480. கிரேக்கத்தின் மேல் படையெடுத்து வந்த பாரசீகர்களை இந்தக் கணவாயில்தான் தடுத்தார்கள். ஒரு பக்கம் செங்குத்தான மலை, இன்னொரு பக்கம் கடல். நடுவே உள்ள வழியில் சில இடங்களில் ஒரே ஒரு வண்டிதான் போகலாம் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அங்கே கேடயத்தோடு கேடயம் ஒட்டி, நீண்ட ஈட்டியோடு நிற்கும் கிரேக்கனைப் பாரசீகர்களால் சுற்றி வளைக்க முடியவில்லை. குதிரைப்படையும் சும்மாதான் நின்றது. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் விடியற்காலை. காற்றே இல்லை. ஆனால் ஓக் மரச் சருகுகள் சரசரக்கின்றன. எபியால்டிஸ் என்ற உள்ளூர்க்காரன் வழிகாட்ட, பாரசீகர்கள் கணவாயைச் சுற்றிப் போகும் மலைப்பாதையில் ஏறி வந்துவிட்டார்கள். போக்கிஸ்காரர்கள் அவசர அவசரமாக ஆயுதம் தரிக்கிறார்கள். அம்பு மழை பொழிந்ததும், தங்களைத் தாக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உச்சிக்கு ஏறிச் சாகத் தயாராக நிற்கிறார்கள். வந்தவர்களோ இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்! பாவம், கோழைகள் என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்புறமாவது பாடம் கற்றார்களா? கி.மு. 279இல் கால் (Gaul) இனத்தவர் படையெடுத்து வந்தபோதும் மலைப்பாதையில் போக்கிஸ்காரர்கள்தான் காவல். அன்றைக்கு மூடுபனி. எதிரி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, கீழே கணவாயில் இருந்த கிரேக்கர்களை ஏதென்ஸ் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போயின.

கி.மு. 191இல் ரோமர்களைத் தடுக்க சிரியா அரசன் அந்தியோக்கஸ் அங்கே நின்றபோது, மலைக்காவல் அவனுடைய கிரேக்கக் கூட்டாளிகளான ஏட்டோலியர்களுடையது. ரோமத் தளபதி கேட்டோ இரவோடு இரவாக ஏறிப் போனார்.

காவலர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.