சூரத் புகைபோக்கியும் சிகாகோ வகுப்பறையும்

அக்கா மகள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் பொதுக்கொள்கைப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அந்தப் பள்ளியின் செய்திகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. 2024-இல் பொருளாதார நோபல் வாங்கிய மூவரில் ஜேம்ஸ் ராபின்சன் அங்கேதான் பேராசிரியர். அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரிசு இவளுக்கே கிடைத்த மாதிரி அமர்க்களம்!

எனக்கு அதைவிடப் பிடித்தது சூரத் கதை. அங்கே பாடம் நடத்தும் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் சக ஆய்வாளர்களும் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, 2019-இல் புகைத்தூளுக்கென்று ஒரு சந்தை தொடங்கினார்கள். முந்நூற்றுச் சொச்சம் ஆலைகள், பெரும்பாலும் ஜவுளி. குலுக்கல் முறையில் பாதி ஆலைகளைச் சந்தைக்குள் சேர்த்தார்கள். மீதிக்குப் பழைய விதிகளே. எல்லாப் புகைபோக்கியிலும் அளவுமானி. சந்தைக்குள் இருக்கும் ஆலைகள் மொத்தமாக இவ்வளவு தூள்தான் விடலாம் என்று உச்சவரம்பு. குறைவாக விட்டவர் மிச்ச உரிமத்தை விற்கலாம், கூடுதலாக விடுபவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். சந்தையில் இருந்த ஆலைகளின் புகைத்தூள் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்ததாம். 2025-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்துவிட்டது.

புகையை ஏலம் போட்டு விற்பதா என்று முதலில் நானும் சிரித்தேன். "மாமா, அபராதத்துக்குப் பயப்படாதவன்கூட நஷ்டத்துக்குப் பயப்படுவான்" என்றாள். சரிதான், வியாபாரி வீட்டுப் பெண்!