தொண்டையில் ஒரு மாத்திரை, கெண்டைக்காலில் ஒரு புழு

முதலில் வந்தது தொண்டைதான். மாத்திரை ஒன்று பாதியில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நிற்கிற மாதிரி, குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஏதோ ஒன்று. தண்ணீர் குடித்தேன், போகவில்லை. சரி, இரண்டு நாளில் தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இடது கெண்டைக்காலில் சதை துடிக்க ஆரம்பித்தது. வலி கிடையாது, ஆனால் தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி கண்ணுக்கே தெரிந்தது. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டையுமே கண்டுகொண்டிருக்க மாட்டேன். சேர்ந்து வந்ததால் ராத்திரி பதினொரு மணிக்குப் போனை எடுத்துத் தேடினேன், அதுதான் நான் செய்த தப்பு.

வந்த பெயர் ஏஎல்எஸ். தசைகளை இயக்குகிற நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும் நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில் கண்டுபிடித்தார்களே, அதுவேதான். அவர் 2018 வரை இருந்தாரே என்று மனதைத் தேற்றப் பார்த்தேன், ஆனால் அவர் விதிவிலக்கு, பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருஷம்தான் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குப் பேச்சிலும் விழுங்குவதிலும்தான் நோய் தொடங்குமாம். தொண்டையும் இருக்கிறது, துடிப்பும் இருக்கிறது, இனி என்ன? வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்குத்தான் புதிதாக வருகிறது என்பதையும் அன்றைக்கே படித்தேன். அந்த இரண்டு பேரில் ஒருத்தன் நான்தான் என்று முடிவுகட்டியவனுக்கு அந்தக் கணக்கு என்ன உதவி செய்யும்?

அப்புறம் சோதனைகள். டாக்டர் செய்ததல்ல, நானாகவே செய்துகொண்டது. காலையில் எழுந்ததும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்து நாக்கை நீட்டிப் பார்ப்பேன், அது நடுங்கும், வயிற்றைக் கலக்கும். குதிகாலால் பத்து அடி, நுனிக்காலால் பத்து அடி. வார்த்தை குழறுகிறதா என்று ஒரே வரியைப் போனில் பதிவுசெய்து போட்டுப் போட்டுக் கேட்பேன், ஐந்தாவது தடவை கேட்டால் யார் குரலும் குழறுகிற மாதிரிதான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. டேப் வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். இடது 36, வலது 36.5. அந்த அரை சென்டிமீட்டருக்காக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

இதிலெல்லாம் மோசமானது எச்சில் விழுங்கிப் பார்ப்பது. விழுங்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ள வாயில் ஒன்றுமே இல்லாமல் வரிசையாக விழுங்குவேன். முதல் இரண்டு தடவை சுலபமாகப் போகும், நாலாவதோ ஐந்தாவதோ தொண்டை அப்படியே நின்றுவிடும். போச்சு, தசை செயலிழந்துவிட்டது என்று கை காலெல்லாம் வியர்த்துவிடும். இதைப் படிக்கிற நீங்களும் இப்போதே வரிசையாக ஐந்து முறை விழுங்கிப் பாருங்கள், உங்களுக்கும் நிற்கும். வாயில் எச்சில் தீர்ந்துபோனால் யாருக்கும் அப்படித்தான். நான் அதை ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை செய்துகொண்டிருந்தேன், தொண்டைத் தசை இறுகாமல் வேறென்ன செய்யும்?

மனைவிக்கு மூன்று வாரம் எதுவும் சொல்லவில்லை. அவளே ஒருநாள், "என்ன, சும்மா சும்மா முழுங்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள், அவ்வளவுதான்.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். மெல்லிய வளையும் குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டு உள்ளே பார்த்தார். தும்மல் வருகிற மாதிரி ஒரு கூச்சம், கண்ணில் தண்ணீர், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. குரல் நாண்கள் ஒழுங்காக அசைகின்றன, கட்டி எதுவும் இல்லை, வயிற்று அமிலம் மேலே ஏறிய எரிச்சல் கொஞ்சம் இருக்கலாம் என்றார். பிறகு கேட்டார், "சாப்பிடும்போது இந்த அடைப்பு அதிகமாகுதா, குறையுதா?" யோசித்துப் பார்த்தால், சாப்பிடும்போது அப்படி ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வருவதில்லை. இதற்கு குளோபஸ் என்று பெயர், சாப்பாடு இறங்கும், வெறும் எச்சில்தான் இறங்காத மாதிரி இருக்கும் என்று விளக்கினார். வெளியே வரும்போது நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து கால் துடித்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

அதனால் நரம்பியல் டாக்டர். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன், பத்து நிமிஷம் விடாமல் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "நேத்து வரைக்கும் செஞ்சிட்டிருந்த எந்த வேலையை இன்னிக்கு உங்களால செய்ய முடியல?" என்றார். படியேறும்போது கால் தளர்கிற மாதிரி இருக்கிறது என்றேன். "ஏற முடியலையா, முடியாத மாதிரி இருக்கா?" பதில் இல்லை என்னிடம். தினமும் மூன்று மாடி ஏறிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு சுத்தியலால் முழங்கால், முழங்கை, மோவாய் எல்லாம் தட்டினார். சாவியால் உள்ளங்காலைக் கீறி, கட்டைவிரல் கீழே மடங்குகிறதா மேலே போகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு தசையாகத் தன் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். நாக்கை நான் வழக்கம்போல் நீட்டினேன், "நீட்டாதீங்க, வாய்க்குள்ளேயே சும்மா வையுங்க" என்றார். நீட்டினால் எல்லாருக்கும் நடுங்கும், உள்ளே ஓய்வாக இருக்கும்போது துடிக்கிறதா, ஓரங்கள் சூம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். இத்தனை நாள் டார்ச் அடித்தது எல்லாம் தண்டம். நோட்டைக் காட்டினேன், அந்த அரை சென்டிமீட்டரைப் பார்த்து, "எந்தக் கால் பழக்கம், வலதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூடிக் கொடுத்தார்.

தைராய்டு, கால்சியம், மெக்னீசியம், தசை சேதமானால் ரத்தத்தில் கூடுகிற சிகே என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கிற ஈஎம்ஜி சோதனை மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்றுதான் சொன்னார், என் முகத்தைப் பார்த்து அதையும் எழுதிவிட்டார். முதலில் நரம்பின் மேல் சின்னச் சின்ன மின் அதிர்வுகள், விரல் தானாகத் துள்ளும். அப்புறம் தசைக்குள் மெல்லிய ஊசி. வலி தாங்கக்கூடியதுதான், சத்தம்தான் புதிது. காலைத் தளர்த்தி வைத்திருந்தால் ஸ்பீக்கர் மௌனம், பாதத்தை லேசாக மடக்கினால் படபடவென்று பொரிகிற சத்தம். ஓய்வில் இருக்கும்போது அந்த மௌனம்தான் வேண்டுமாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

எல்லாம் நார்மல். ஏஎல்எஸ்ஸில் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் பலவீனம்தான், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போகும், பாதம் தொங்கி இடறும், பேச்சு குழறுவதை அடுத்தவர்களே கவனித்துச் சொல்வார்கள் என்று விளக்கினார். பலம் அப்படியே இருந்து, ஈஎம்ஜியும் சரியாக இருந்து, வெறும் துடிப்பு மட்டும் என்றால் அது தீங்கற்ற துடிப்புதான். தூக்கமின்மை, காபி, பதற்றம் மூன்றும் அதைத் தூண்டும். எனக்கு மூன்றுமே இருந்தது. அப்படி ஏதாவது நிஜமாகவே செய்ய முடியாமல் போனால், எடை குறைந்தால், தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் தேடிக்கொண்டு உட்காராமல் உடனே வரச் சொன்னார்.

துடிப்பு உடனே நிற்கவில்லை. தேடுவதை நிறுத்தினேன், எச்சில் விழுங்கிப் பார்ப்பதை நிறுத்தினேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. கை பரபரத்தால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். பதற்றத்துக்குத் தனியாக ஒரு மனநல ஆலோசகரிடம் ஏழெட்டு முறை போனேன், இதை முதலிலேயே செய்திருக்கலாம். தொண்டை அடைப்பு ஆறு வாரத்தில் காணாமல் போனது, என்றைக்குப் போனது என்று தெரியாது. கால் இன்னும் எப்போதாவது துடிக்கும்.

அந்த நோட்டின் மீதிப் பக்கங்களில் இப்போது மகள் கணக்குப் போடுகிறாள். போன வாரம் முதல் பக்கத்தைப் புரட்டி, "இது என்னப்பா அளவு?" என்று கேட்டாள். கால் அளவு என்றேன். "எதுக்கு?" என்றாள். சாக்ஸ் வாங்க என்று சொல்லிவிட்டேன்.