முத்து அடம் பண்ணல, அதுக்கு வலிச்சிருக்கு

ரெண்டு மாசமா ஒரே கதைதான். சேணத்தைத் தூக்கிட்டு நான் லாயத்துக்குள்ள நுழைஞ்சாலே என் குதிரை முத்து காதை ரெண்டையும் பின்னாடி சாச்சுக்கும், வயித்துப் பட்டையை இறுக்கினா சட்டுனு திரும்பி என் கையைக் கடிக்க வரும், ஏறி உக்காந்தா முதுகைக் குழிச்சுக்கிட்டு தலையை மேல தூக்கிக்கும், ட்ராட் (நடைக்கு அடுத்த மெது ஓட்டம்) போகச் சொன்னா நாலு அடி போய் நின்னுடும். அடம் பண்ணுதுன்னு நான் முடிவே பண்ணிட்டேன். காலால இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், குரலையும் உயர்த்தினேன். அதை இப்ப எழுதும்போதும் வயித்த என்னமோ பண்ணுது.

ஒருநாள் நல்ல வெயில்ல ஓட்டிட்டு வந்து சேணத்தைக் கழட்டுறேன், முதுகு பூரா வேர்வைல நனைஞ்சு கெடக்கு, ஆனா தோள்மேட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு முடி காஞ்சு போய் இருக்கு. லாயத்துல குதிரை பாத்துக்குற அண்ணன் அதைப் பாத்துட்டு, "தம்பி, வேர்வை வராத இடத்துலதான் சேணம் அழுத்துது"ன்னாரு. அங்க கை வெச்சா வழக்கமா பொதபொதன்னு இருக்க வேண்டிய சதை இல்ல, குழி விழுந்திருக்கு. இடது பக்கக் குழியில நாணயம் அளவுக்கு வெள்ளை முடி வேற. விரலால மெதுவா அழுத்தினதும் முத்து முதுகைக் கீழ இறக்கி என் கைக்குத் தப்பிக்கப் பாத்துச்சு. கொஞ்ச நேரத்துல அதே இடத்துல லேசா வீக்கமும் வந்துச்சு. சேணம் மேல இருக்கும்போது தெரியாது, கழட்டி ரத்தம் திரும்பி வந்த அப்புறம்தான் இந்த வீக்கம் எழும்பும்.

கால்நடை டாக்டர் வந்தப்ப முதுகை மட்டும் பாக்கல, நேர்கோட்டுல நடக்க விட்டு, வட்டத்துல ஓட விட்டு, பல்லு, குளம்பு எல்லாம் பாத்தாரு. பின்னங்கால்ல நொண்டல் இருந்தாக்கூட சேணம் ஒரே பக்கமா சரியுமாம், அதனால சேணத்து மேல பழி போடறதுக்கு முன்னாடி காலைப் பாக்கணும்னாரு. சவாரி பண்ணும்போது குதிரை வலியைக் காட்டுற 24 நடத்தைகளைப் பட்டியல் போட்டு 2018-ல ஒரு ஆய்வு வந்திருக்கு, அதுல 8 இல்ல அதுக்கு மேல இருந்தா எங்கயோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். காது சாயறது, வாய் திறக்கறது, வாலை வீசறது, போக மறுக்கறதுன்னு டிக் பண்ணிக்கிட்டே வந்தேன், முத்துவுக்கு 11 வந்துச்சு. நான் அடம்னு பேரு வெச்ச அத்தனையும் அந்தப் பட்டியல்ல இருக்கு.

அப்புறம் சேணத்தை வெறும் முதுகுல வெச்சுப் பாத்தோம். உள்ள இருக்கற சட்டம் முத்துவுக்குக் குறுகல். குதிரை முன்னங்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்போட மேல்நுனி பின்னாடி சுழன்று வரும், அதுக்கு இடம் விட்டு சேணம் உக்காரணும். இது அந்த எலும்பு மேலயே ஏறி உக்காந்திருக்கு. பேனலுக்கு, அதாவது சேணத்தோட அடிப்பக்க மெத்தைக்கு, அடியில கையை விட்டா முன்னாடி விரல் நசுங்குது, நடுவுல கை தாராளமா போகுது, பின்னாடி மறுபடி இறுக்கம். பாலம் மாதிரி ரெண்டு முனையில மட்டும் என் மொத்த எடையும் நின்னிருக்கு. அந்த இடத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு குறைஞ்சு சதை கரையும், முடிக்கு நிறம் குடுக்கற செல்லும் செத்துப்போகும், அதான் அந்த வெள்ளை முடி.

இதுல நான் பண்ண பெரிய தப்பு, சேணத்துக்கு அடியில போடற பேட். அசௌகரியமா இருக்குபோலன்னு நெனச்சு மெத்துன்னு ரெண்டாவது பேட் ஒண்ணு போட்டேன். ஏற்கனவே கடிக்கற ஷூவுக்குள்ள தடியான சாக்ஸ் போட்டா என்ன ஆகும்? செருப்புக்காகக் காலைத் தறிக்கறதான்னு கேப்பாங்க இல்ல, நான் அதைத்தான் பண்ணியிருக்கேன்.

முதல் மூணு வாரம் சேணமே கெடையாது. ஆரம்பத்துல வீக்கத்துக்குக் குளிர்ந்த தண்ணித் துணி, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் வலி மருந்து, மத்தபடி மேயவும் உலாத்தவும் விட்டாச்சு. வலி அடங்குனதும் கையில பிடிச்சு நடை. தலையைத் தாழ்த்தி கழுத்தை நீட்டி நடக்கும்போது முதுகு மேல எழும்புது, அதுக்காக அவசரப்படாம நீளமா கயிறு விட்டு நடத்தினேன், அப்புறம் தரையில கம்பு போட்டு தாண்டி நடக்க விட்டேன், லேசான மேடு ஏத்தி இறக்கினேன். இதோட கேரட். நெஞ்சுக்கு, ரெண்டு முட்டிக்கு நடுவுல, விலாவுக்கு, இடுப்புக்குன்னு கேரட்டைக் காட்டி முத்து தானா கழுத்தை வளைச்சு சில வினாடி நிக்கற மாதிரி, ஒவ்வொண்ணும் 5 தடவை, வாரத்துல 5 நாள். விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா இதை 3 மாசம் பண்ணின குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டி இருக்கற மல்டிஃபிடஸ் தசை பெருசாச்சுன்னு ஸ்கேன்ல அளந்தே பாத்திருக்காங்க. கழுத்தை இழுத்து வளைக்கக் கூடாது, அது எவ்வளவு வருதோ அவ்வளவுதான்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வளையற அளவுகோலை தோள்மேட்டுக்குப் பின்னாடி வெச்சு, அந்த வடிவத்தை அட்டையில பென்சிலால வரைஞ்சு தேதி போட்டு வெச்சேன். முதல் கோடும் மூணாவது கோடும் ஒண்ணு மேல ஒண்ணுதான் இருந்துச்சு, மனசு விட்டுப் போச்சு. அஞ்சாவது கோடு ஒரு நூல் அளவு வெளிய தள்ளி வந்தப்ப அந்த அட்டையைக் கொண்டு போய் அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் எதுவும் சொல்லல, முத்துவோட முதுகைத் தடவிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு.

புது சேணம் வாங்கும்போது ஒரு சிக்கல் இருக்கு. கரைஞ்சு போன முதுகுக்கு அளவெடுத்து வாங்கினா சதை வளர இடமில்லாம மறுபடி அதே குறுகல்தான். சேணம் பொருத்தறவர் கொஞ்சம் அகலமான சட்டமா எடுத்து, இப்போதைக்கு காலியா இருக்கற இடத்துக்கு மட்டும் ஷிம்னு சொல்ற மெல்லிய துண்டுகளை வெச்சுக் குடுத்தாரு, சதை வர வர அதை உருவிடணும். நான் போட்ட பேட் இடத்தைப் பிடுங்குச்சு, இது இடம் விட்டு நிக்குது, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க. புது சேணம் பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டாம நிக்குது, நடுவுல முதுகெலும்புக்கு மேல வெளிச்சம் ஊடுருவித் தெரியுது.

மறுபடி சேணம் போட்ட முதல் நாள் ஏறல. வெச்சு, பட்டையை ஒரு ஓட்டை மட்டும் ஏத்தி, நடத்திட்டு கழட்டிட்டேன். ஒரு வாரம் அப்படியே. அப்புறம் 10 நிமிஷம் மேல உக்காந்து வெறும் நடை. இப்ப ஆறாவது மாசம், ட்ராட் வந்தாச்சு, முந்தாநாள் கழட்டினப்ப வேர்வை ரெண்டு பக்கமும் ஒரே சீரா இருந்துச்சு, ஷிம்ல ஒண்ணு உருவியாச்சு. வெள்ளை முடி அப்படியேதான் இருக்கு, அது போகாது.

பட்டையைப் பிடிக்கும்போது இன்னும் சில நாள் காது பின்னாடி போகும். சதை வந்துடுச்சு, அந்த பயம் இன்னும் போகல. அப்படிப்பட்ட நாள்ல பட்டையை விட்டுட்டு கழுத்தைத் தேச்சுக் குடுக்கறேன், காது முன்னாடி வந்தா இன்னொரு ஓட்டை, வரலன்னா சேணத்தைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ரெண்டு பேரும் கயித்தோட ஒரு நடை போயிட்டு வரோம்.