தெளிச்சா போதுமா, முழுகணுமா?

எங்க நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுல ஒருத்தர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பிச்சாலே முதல் சண்டை ஞானஸ்நானம்தான். குழந்தையில தண்ணி தெளிச்சது செல்லாது, மனந்திரும்பி மறுபடியும் பிறந்தப்புறம் முழுக்கு எடுக்கணும்னு அவங்க சொல்லுவாங்க, நம்ம ஆளுங்களோ ஏற்கனவே வாங்கியாச்சு, வளர்ந்தப்புறம் விசுவாசத்தை உறுதி பண்ற திடப்படுத்தலும் ஆச்சு, திரும்ப எதுக்குன்னு கேப்பாங்க.

ரெண்டு பக்கமும் கைல எடுக்கிறது பைபிள்ல யோவான் 3:5தான், ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறக்கிறது. ஆர்.சி.யும் (ரோமன் கத்தோலிக்கர்) லுத்தரனும் அந்த ஜலம் ஞானஸ்நானமே, மறுபிறப்பு அதுலயே நடக்குதுன்னு சொல்றாங்க, பாப்டிஸ்ட்காரங்களுக்கு மறுபிறப்பு முதல்ல, தண்ணி அதுக்கு வெளியரங்கமான சாட்சி மட்டும்தான்.

இது ஏதோ நேத்து வந்த தகராறு இல்லங்க. 1525ல சுவிட்சர்லாந்து சூரிக்ல பெரியவங்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பிச்சாங்க, அதுக்காகவே அதுல முன்ன நின்ன ஃபெலிக்ஸ் மான்ஸை 1527ல லிம்மாத் ஆத்துல முக்கிக் கொன்னாங்க, அதுவும் கொன்னது புராட்டஸ்டண்ட் நகர சபை! (தண்டனையைக் கூட தண்ணியிலயே யோசிச்சிருக்காங்க பாருங்க.)

எனக்கு முழுக்கு வாதம்தான் பைபிள்ல வர்ற அப்போஸ்தலர் நடபடிகளுக்குக் கிட்டன்னு தோணுது, ஆனா 16ம் அதிகாரத்துல சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினாங்கன்னு வருதே, அதுல கைக்குழந்தை இருந்துச்சா இல்லையான்னு யாரு சொல்றது?